பினாங்கில் கப்பல் நிற்கும் அந்தச் சில மணி நேரம்

சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவுப் பயணமாகப் புறப்படும் உல்லாசக் கப்பல்களில் இப்போதெல்லாம் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நிறைய வருகின்றன. அவற்றுள் பல கப்பல்கள் மலேசியாவின் பினாங்கில் ஒரு பகல் நின்று செல்வதால், இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு உறவினரையும் அவர்களுடைய நண்பர்களையும் சுற்றிக் காட்டும் வேலை அடிக்கடி வாய்க்கிறது. நான் விரும்பிச் செய்யும் வேலை அது. வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: துறைமுக வாசலில் காத்திருக்கும் வேனில் ஏறாதீர்கள், நடந்து வாருங்கள்.

கப்பல் பயணிகளுக்கென்று நடத்தப்படும் குறுஞ்சுற்றுலாக்கள் பெரும்பாலும் ஆயர் ஈத்தாம் என்ற புறநகர்ப் பக்கமே போகின்றன. அங்கே கெக் லோக் சி பௌத்த ஆலயமும், 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலும் இருக்கின்றன. இரண்டுமே பார்க்க வேண்டியவைதாம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கரையில் இருக்கப் போவதே நான்கைந்து மணி நேரம் என்னும்போது, நெரிசலில் ஊர்ந்து போவதற்கும், மலை ரயிலுக்கு வரிசையில் நிற்பதற்கும், கப்பலைத் தவறவிட்டு விடுவோமோ என்ற பதற்றத்துடன் திரும்புவதற்கும் அதில் பாதியைக் கொடுத்துவிட்டால், மீதி நேரத்தில் கிடைப்பவை சில புகைப்படங்கள் மட்டுமே. மலையைப் பார்க்க இரண்டு நாள் தங்குவதற்கென்றே இன்னொரு முறை வரலாம்.

பல நகரங்களில் கப்பல் துறையிலிருந்து ஊருக்குள் செல்லவே தனியாகப் பேருந்து பிடிக்க வேண்டும். பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையை விட்டு வெளியே வந்ததுமே, 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஜார்ஜ் டவுன் பழைய நகரம் தொடங்கிவிடுகிறது. எதிரே தெரியும் மணிக்கூண்டு விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காகச் சீனச் செல்வந்தர் ஒருவர் கட்டிக் கொடுத்தது. அரசி அதுவரை ஆண்ட ஆண்டுகளுக்கு ஓர் அடி வீதம் அறுபது அடி உயரம். அடுத்து, 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய இடத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. இரண்டையும் நடந்துகொண்டே பார்த்தால் போதும்.

நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை. பழையவர்கள் இன்றும் அதைப் பிட் ஸ்ட்ரீட் என்றே சொல்கிறார்கள். அதன் வடமுனையில் வெண்ணிறத் தூண்களுடன் நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கட்டுமானப் பொறுப்பை ஏற்றவர் ராணுவப் பொறியாளர் கேப்டன் ராபர்ட் ஸ்மித். சென்னையில் கதீட்ரல் சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் முகப்பு புதிதாகத் தோன்றாது. இதை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் என்பதையும் நான் தவறாமல் சொல்வேன், ஏனென்றால் அவர்களுடைய பெயர்களைத் தாங்கிய கல்வெட்டு எதுவும் அங்கே என் கண்ணில் பட்டதில்லை. சற்றுத் தள்ளிச் சீனர்களின் குவான் இன் கோவில். அதன் முற்றத்தில் ஆளுயர ஊதுவத்திகள் புகைந்துகொண்டிருக்கும். அதையும் கடந்து நடந்தால், தமிழ் முஸ்லிம் சமூகத்தின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தொழுகை இல்லாத நேரத்தில் உள்ளே அனுமதிப்பார்கள். அணிந்துகொள்ள மேலங்கியும் கொடுப்பார்கள்.

இந்தச் சாலைக்கும் அதற்கு இணையாகச் செல்லும் குவீன் ஸ்ட்ரீட்டுக்கும் நடுவில் இருக்கிறது 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், காலையில் கரை சேரும் கப்பலில் வந்தவர்கள் முதலில் இங்கே வந்துவிடுவது நல்லது. கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களைத்தான் லிட்டில் இந்தியா என்கிறார்கள். வேன்களில் வருகிறவர்கள் இந்தத் தெரு முனையில் இறங்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, மறுபடியும் ஏறிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை. சென்னையிலும் மதுரையிலும் பார்க்காத சேலைக் கடையா, வடைக் கடையா என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் இது இங்கே எப்படி வந்தது என்பதை அவர்களுக்குச் சொல்ல வழிகாட்டி ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை.

மெட்ராஸிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கு வந்த கப்பல்களில் ரஜூலா பெயர் பெற்றது. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. என் தாத்தா அதில்தான் வந்தார். வங்காள விரிகுடாவைக் கடக்கும்வரை மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்ததாகச் சொல்வார். சூலியா ஸ்ட்ரீட் முனையில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா இருப்பதும், பினாங்கு ஸ்ட்ரீட்டில் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவதும் அப்படி வந்து இறங்கியவர்களால்தான். இன்று மிதக்கும் விடுதியில் வந்து இறங்குகிற தமிழர்கள் அவர்கள் நடந்த அதே தெருக்களில் அரை மணி நேரம் நடந்தால் நன்றாக இருக்கும் என்று மனமார விரும்புகிறேன்.

பசி எடுத்தால் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காத்தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறிகளுமாகத் தூக்கிக்கொண்டு வந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு அது. கடையில் பரிமாறுகிறவரின் கையைக் கவனியுங்கள்: தட்டில் சோற்றைக் கொட்டி, கோழியையும் வெண்டைக்காயையும் ஓரத்தில் வைத்து, மீன் குழம்பில் ஒரு கரண்டி, ஆட்டுக் குழம்பில் ஒரு கரண்டி, கறுத்த கோழிக் குழம்பில் ஒரு கரண்டி என்று நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே போவார். தனித்தனியாகக் கேட்காதீர்கள், அந்தக் கலவைதான் அதன் சுவை.

இதற்கு மேலும் நேரம் இருந்தால் கூ கொங்சி என்ற சீனக் குலத்தாரின் குலமனையையோ ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டின் சுவரோவியங்களையோ, இரண்டில் ஒன்றை மட்டும் பாருங்கள். நான் குலமனையைத்தான் சொல்வேன். 1906இல் முடிந்த அதன் மரச் செதுக்கு வேலையைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை நடக்க விடாமல், பெக்கா எனப்படும் மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷாவில் அமர்த்துங்கள். பயணி முன்னாலும் ஓட்டுநர் பின்னாலும் இருப்பதால் தெரு முழுவதும் மறைப்பின்றித் தெரியும், ஆனால் கட்டணத்தை ஏறும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். வெயிலுக்குக் கடைகளின் முன்னால் அஞ்சடி எனப்படும் கூரையிட்ட நடைபாதையிலேயே நடக்கலாம். உங்கள் கப்பல் பூக்கெட்டுக்கும் போய் வருவதாக இருந்தால், தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதால், கைப்பேசி காட்டும் நேரத்தை நம்பாமல் கப்பலின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.