தேதியில்லாத கோடுகள்

2 ஏப்ரல் 2016, சனி

மார்செல் புரோயர் வடிவமைத்து 1966இல் திறக்கப்பட்ட மாடிசன் அவென்யூ கட்டடத்தை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சென்ற மாதம் தன் புதிய கிளையாகத் திறந்தபோது, முதல் கண்காட்சிகளுள் ஒன்றை இந்திய ஓவியர் நஸ்ரீன் மொஹமதிக்கு ஒதுக்கியது. ஓவியம், கோட்டோவியம், ஒளிப்படம் என 130க்கும் மேற்பட்ட படைப்புகள். 1937இல் கராச்சியில் பிறந்து, லண்டனில் பயின்று, 1972 முதல் பரோடாவில் கற்பித்தவர். தம் படைப்புகளுக்குத் தலைப்பு வைத்ததில்லை. பெரும்பாலும் தேதியும் இட்டதில்லை. ஒரு வாழ்வைக் கால வரிசையில் காட்ட வேண்டிய பின்னோக்குக் கண்காட்சிக்கு இதைவிடச் சங்கடமான ஓவியர் அமைவது அரிது. என் குறிப்பேட்டில் இன்று அதிகம் இடம்பெற்ற சொல் ‘சுமார்’.

9 ஏப்ரல், சனி

தூரிகை கசிந்த 1960களின் தாள்களை விரைவாகக் கடந்து, கட்டக்கோடுகளின் முன் நெடுநேரம் நின்றேன். சற்றுத் தொலைவிலிருந்து நெய்த துணிபோல் தெரிவது, நெருங்கியதும் மையும் பென்சிலும் மாறிமாறி இட்ட தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்துவிடுகிறது. தரையில் அமர்ந்து, தாழ்வான வரைபட மேசையில், பொறியாளர்களின் கருவிகளைக் கொண்டு வரைந்திருக்கிறார். கட்டக்கோடுகளை வரைந்த அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினோடு இவரை ஒப்பிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மார்ட்டினின் கோட்டில் கை நடுங்குவது தெரியும். அந்த நடுக்கத்துக்கு இவர் இடமே கொடுப்பதில்லை. நரம்பு நோய் உடலைக் கட்டுமீறச் செய்த 1980களில்தான் இவருடைய கோடுகள் எண்ணிக்கையில் குறைந்து, சாய்ந்து, இன்னும் துல்லியமாகின்றன.

கண்ணாடிப் பேழையில் அவருடைய நாட்குறிப்புகள் இருக்கின்றன. ஓவியத்தில் தேதியைத் தவிர்த்தவர், தேதி அச்சிட்ட தாள்களில் எழுதி, எழுதியவற்றுள் சிலவற்றை மைப்பட்டைகளால் மூடியிருக்கிறார். மறைத்த வரிகளே கோட்டோவியமாகிவிட்டன. அடியில் உள்ள சொற்களைப் படிக்க முயன்றேன் என்பதைச் சற்று வெட்கத்தோடு பதிகிறேன்.

4 ஜூன், சனி

கண்காட்சி நாளையோடு முடிகிறது. ஃபதேபூர் சிக்ரியின் கல்தரை உள்ளிட்ட ஒளிப்படங்களை அவர் தம் வாழ்நாளில் காட்சிக்கு வைத்ததேயில்லை. அவற்றைக் கோட்டோவியங்களுடன் சேர்த்துக் காணும்போது, கோடுகள் பிறந்த இடம் இதுதான் என்று பார்வையாளர் முடிவுகட்டிவிடக் கூடும். எனக்கு அந்த எளிமை பிடிக்கவில்லை. ஆயினும் அப்படங்களைப் பார்த்துவிட்டு மீண்டும் கட்டக்கோடுகளுக்குத் திரும்பியபோது, தாளின் வெண்மை எனக்கு வெயிலாகவே தெரிந்தது.