கல்கத்தாவில் கப்பலேறியவர்களின் தீவு

1938இல் கல்கத்தாவிலிருந்து ஒரு கப்பலில் கூண்டு கூண்டாக ரீசஸ் குரங்குகள் ஏற்றப்பட்டன. ஏற்றிக்கொண்டு போனவர் கிளாரன்ஸ் ரே கார்ப்பென்டர் என்ற அமெரிக்க உளவியலாளர். அந்த ஆண்டின் கடைசியில், கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவின் கிழக்குக் கரைக்கு எதிரே இருக்கும் காயோ சாந்தியாகோ என்ற சிறு தீவில் 409 குரங்குகள் அவிழ்த்துவிடப்பட்டன. அதற்குப் பிறகு வெளியிலிருந்து ஒன்றைக்கூடக் கொண்டுவரவில்லை. இப்போது அங்கே இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் குரங்குகளும் அந்தக் கூட்டத்தின் வாரிசுகள். என் வேலை அவற்றோடுதான்.

"குரங்கு பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? சிறுமலைக்குப் போனா கைப்பையையே பிடுங்க வருமே" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் சிறுமலையில் ஒரு குரங்கைப் பார்த்தால் அதன் பாட்டி யார், அக்கா எந்தக் கூட்டத்தில் இருக்கிறாள், அது பிறந்தது எப்போது என்றெல்லாம் தெரியாது. காயோவில் தெரியும். 1956 முதல் பிறப்பு, இறப்பு எல்லாம் பதிவாகிறது. ஒவ்வொன்றுக்கும் பச்சை குத்திய அடையாளம் உண்டு. செத்துப்போனவற்றின் எலும்புக்கூடுகளைக்கூடப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு உயிரின் உடம்பும் உறவும் சேர்ந்து அதன் நடத்தையை எப்படி உருவாக்குகின்றன என்று கேட்பவருக்கு இப்படி ஓர் இடம் வேறெங்கே கிடைக்கும்?

இந்தத் துறைக்கு என்னை இழுத்தது அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோவின் சோதனைப் படங்கள். விஸ்கான்சினில் அவர் ரீசஸ் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, கம்பியில் ஒன்றும் துணி சுற்றி ஒன்றுமாகப் பொம்மைத் தாய்களைக் கொடுத்தார். கம்பித் தாயிடம் பால் இருந்தும் குட்டிகள் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. பாசத்துக்குப் பால் மட்டும் காரணமில்லை என்பதை உலகம் ஒப்புக்கொள்ள அந்தக் குட்டிகள் தேவைப்பட்டன. அந்த விலை அதிகம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பிரித்து வைத்து அறிவதைவிட, சேர்ந்து வாழ்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து அறிவதே என் வழி.

காலையில் புந்தா சாந்தியாகோ கரையிலிருந்து படகு. பத்து நிமிஷம்கூட ஆகாது. தீவில் கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, அது அவற்றுக்கு மிரட்டல். மரத்தடியில் தொப்பி இல்லாமல் நிற்கக் கூடாது, ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் கம்பிக் கூண்டுக்குள் போய்விடுவோம், குரங்குகள் வெளியே உலாத்தும். மற்ற நேரமெல்லாம் ஒரு குரங்கைத் தேர்ந்தெடுத்து, குறித்த நிமிஷங்களுக்கு அதை மட்டும் பார்த்து, அது செய்வதை ஒன்றுவிடாமல் குறிப்பது. விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுவதும் இதுதான் முறை. கண்ணைக் கவர்வதை மட்டும் எழுதினால் சண்டைகள்தான் மிஞ்சும். சும்மா உட்கார்ந்திருப்பதும் எழுதப்பட வேண்டும்.

ரீசஸ் கூட்டத்தில் பெண்கள் பிறந்த இடத்திலேயே இருப்பார்கள். மகளுக்குத் தாய்க்கு அடுத்த படி, அதுவும் இளையவள் மூத்தவளுக்கு மேலே. ஆண்களோ பருவம் வந்ததும் கூட்டத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். நான் இங்கே வந்த புதிதில் எனக்குக் கொடுக்கப்பட்டவற்றில் ஒரு இளம் கடுவன் இருந்தான். வேறு கூட்டத்திலிருந்து அப்போதுதான் வந்தவன். தீனித் தொட்டிக்கு எல்லோரும் போய் முடிந்த பிறகு போவான். வரிசையாகப் பேன் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சற்றுத் தள்ளி, முதுகைப் பாதி திருப்பியபடி உட்கார்ந்திருப்பான். ஒருநாள் ஒரு வயதான மந்தியைப் பார்த்து உதட்டைப் படபடவென்று அசைத்தான். சமாதானம் என்று சொல்லும் வழி அது. அவள் திரும்பிப் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் மெதுவாக மயிரை வகிர்ந்து பேன் பார்க்கத் தொடங்கினான். விரல்கள் கொஞ்சம் நடுங்கின. அன்று என் குறிப்பில் அது ஒரே ஒரு வரி.

இந்தத் தீவில் வந்தேறிய ஆண் சண்டை போட்டு மேலே போவது அரிது. கடைசியில் சேர்ந்து, இருந்து இருந்துதான் படி ஏறுகிறான். அண்ணன் போன கூட்டத்துக்கே தம்பியும் போய்ச் சேருவது உண்டு. டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் நம் ஆட்கள் குடியேறிய கதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எனக்குத்தான் இங்கே அண்ணன் இல்லை. ஸ்பானிஷ் தெரியாமல், ஆய்வு நிதி அடுத்த ஆண்டு இருக்குமா, விசா நீளுமா என்ற கவலையோடு, நானும் நெடுநாள் பேச்சு வட்டத்துக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரம்மா ஒரு டிசம்பரில் கையில் தட்டோடு வந்தார். சோறும் பச்சைத் துவரையும். எங்கள் ஊரில் தைப் பொங்கல் சமயம் உரித்துச் சாப்பிடும் அதே துவரை! இங்கே அது இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாதாம். மறுநாள் நான் ரசம் கொண்டுபோனேன். புளி இங்கேயும் காய்க்கிறது.

அவர்தான் மரியா புயலைப் பற்றிச் சொன்னார். 2017 செப்டம்பர் 20 அன்று அது கரையேறியது பக்கத்து யாபுகோவாவில். மாதக்கணக்கில் மின்சாரம் இல்லை. தெருவே ஒரே அடுப்பில் சமைத்ததாம். வருஷக்கணக்காகப் பேசாத பக்கத்து வீட்டாரோடு அப்போது பேச்சு வந்தது என்றார்.

எதிரே தீவிலும் அதுதான் நடந்தது. மரம் செடிகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் அழிந்தது, நிழல் போனது, வெயிலில் தரை 40 டிகிரியைத் தாண்டியது. நம் ஊர்க் குரங்குகளில் ஆண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்ளும். ரீசஸ் அப்படியில்லை, படி பார்த்து அடிக்கும் ஜாதி. இந்தத் தீவுக் குரங்குகளை ஆராயும் கமில் டெஸ்டார்ட், லாரன் பிரென்ட் குழுவினர் புயலுக்கு முன்னும் பின்னும் எழுதிய குறிப்புகளை ஒப்பிட்டபோது, சண்டைக்கார ரீசஸ்கள் மிச்சமிருந்த நிழலில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் பழகியிருந்தது தெரிந்தது. 2024இல் அவர்கள் இன்னொன்றும் காட்டினார்கள்: அதிகம் பேரைப் பக்கத்தில் பொறுத்துக்கொண்டவை புயலுக்குப் பின் அதிகம் பிழைத்தன. புயலுக்கு முன் அந்தத் தொடர்பே இல்லை.

என் இப்போதைய கேள்வி அதிலிருந்து கிளைத்தது. மரங்கள் மெல்லத் திரும்புகின்றன. நிழல் மறுபடி தாராளமானால் இந்தப் பொறுமை நீடிக்குமா, புயலைப் பார்க்காத குட்டிகள் அதைத் தாயிடமிருந்து கற்றுக்கொள்கின்றனவா? ரீசஸ் இருபது வயது தாண்டியும் வாழும். அவசரப்பட்டுப் பதில் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள், நான் இருக்கப் போகிறேன். அம்மாவுக்கும் விசா போட்டிருக்கிறேன். வந்து பார்த்துவிட்டு அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்கலாம்.