சூடானால் நிற்கும் பழைய கார்: சென்சாரை மாற்றும் முன் சோதித்துப் பாருங்கள்

பழைய பெட்ரோல் காரில் செக் இன்ஜின் லைட் எரிந்தால் பல ஒர்க்‌ஷாப்களில் ஒரே வழக்கம்தான். ஸ்கேனரைச் சொருகுவார்கள், ஒரு எண் வரும், அது எந்த சென்சாரைச் சொல்கிறதோ அதை மாற்றச் சொல்லிவிடுவார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பி0335 என்று வந்தால், இன்ஜின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். சர்க்யூட் என்றால் சென்சார் மட்டுமா? வயர், கப்ளர் (வயரை இணைக்கும் பிளக்), எர்த் எல்லாம் சேர்ந்ததுதான். 15 வருஷத்துக்கு மேல் இன்ஜின் சூட்டில் கிடந்த வயர் உள்ளே ஒடிந்திருந்தால் எத்தனை புது சென்சார் வாங்கிப் போட்டாலும் காசுதான் போகும்.

எங்கள் வீட்டுக் கார் 2007 மாடல், அப்பா வாங்கியது, விற்க யாருக்கும் மனசில்லை. போன கோடையில் அதற்கு ஒரு கோளாறு வந்தது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும், ஹைவேயில் நன்றாக ஓடி சூடேறியதும் சொல்லாமல் கொள்ளாமல் ஆஃப் ஆகிவிடும், நிழலில் ஓரங்கட்டி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். உளுந்தூர்பேட்டை தாண்டி பின்னால் லாரி வரும்போது இப்படி நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் ஃப்யூல் பம்ப் என்றார், இன்னொருவர் இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போயிடுச்சு என்றார். நான் பார்த்தது ஆர்பிஎம் முள்ளை. நின்ற காரில் செல்ஃப் அடிக்கும்போது அது துளிகூட அசையவில்லை. பம்ப் போயிருந்தால் முள் கொஞ்சமாவது எழும்பும். முள் எழவில்லை என்றால் இன்ஜின் சுற்றுவதே இசிஎம்முக்குத் தெரியவில்லை என்று சந்தேகப்படலாம். தெரியாவிட்டால் அது ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் தெளிக்காது.

இன்ஜின் சுற்றுவதை இசிஎம்முக்குச் சொல்வது கிராங்க் சென்சார்தான். எங்கள் காரில் அது இரண்டு வயர் உள்ள காந்த வகை, உள்ளே ஒரு சின்ன காயில் (கம்பிச்சுருள்). இந்த வகையில் மின்தடை பெரும்பாலும் சில நூறு ஓமிலிருந்து ஆயிரம் ஓம் சுமாருக்குக் காட்டும், சரியான அளவு காருக்குக் கார் மாறும். கழற்றி மல்டிமீட்டரில் பிடித்தால் அளவு சரியாகவே இருந்தது. ஆனால் கோளாறு வருவது சூட்டில்தானே, அதனால் ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். ஓம் மெதுவாக ஏறியது, அப்புறம் ஒரே அடியாக ஓப்பன், அதாவது உள்ளே இணைப்பே விட்டுப்போனது. குளிர்ந்ததும் பழைய அளவுக்கே திரும்பியது. இதுக்கு மேல் சாட்சி வேண்டாம். காயிலுக்குப் பதில் எலக்ட்ரானிக் சிப் இருக்கும், மூன்று வயர் உள்ள ஹால் வகைக்கு இந்த ஓம் சோதனை உதவாது. அதில் 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ வருகிறதா, எர்த் சரியா என்று கப்ளரில்தான் பார்க்க வேண்டும்.

மாற்றும் வேலை பெரிசில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஒரு போல்ட், ஒரு கப்ளர், அவ்வளவுதான். கிராங்க் சென்சாரை மட்டும் ஒரிஜினலாக வாங்குங்கள். டூப்ளிகேட்டில் முனைக்கும் இன்ஜினோடு சுற்றும் பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் மாறினால்கூட சிக்னல் தடுமாறும், அந்த இடைவெளியே சுமார் 1 மில்லிமீட்டர்தான். பழைய பார்ட்ஸ் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் பழைய சென்சார் வாங்காதீர்கள், வயரோடு வெட்டிய கப்ளர் வாங்குங்கள். நம் காரின் கப்ளர் பூட்டு உடைந்து லூஸாக இருந்தால் அது நன்றாகவே கைகொடுக்கும்.

கையோடு கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரையும் பார்த்தேன். சூடு ஏற ஏற இதன் ஓம் குறைய வேண்டும். பல கார்களில் 20 டிகிரியில் 2,500 ஓம் சுமாருக்கு இருப்பது 80 டிகிரியில் 300 பக்கம் வந்துவிடும். இது கெட்டு ‘இன்ஜின் இன்னும் ஜில்லென்று இருக்கிறது’ என்று தப்பாகச் சொன்னால் இசிஎம் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும், மைலேஜ் விழும், சைலன்சரில் கரும்புகை வரும். மாற்றுவதாக இருந்தால் இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு செய்யுங்கள், சூடான கூலன்ட் அழுத்தத்தோடு பீய்ச்சி அடிக்கும். ஒற்றை வயர் சென்சார் என்றால் மரையில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது. அதற்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான்.

புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சாரையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். இன்ஜின் சூடானதும் அதன் வோல்டேஜைப் பார்த்தோம், 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே விடாமல் ஏறி இறங்கியது. “இது நல்லாத்தான் இருக்கு, விடுங்க தம்பி” என்று அவரே சொல்லிவிட்டார்.