பியூரிட்டன் சபைப் பதிவேட்டை வாசிக்கும்போது

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் குடியேறிய ஆங்கிலேயப் புராட்டஸ்டன்ட் பிரிவினரான பியூரிட்டன்களின் 17ஆம் நூற்றாண்டுச் சபைப் பதிவேடுகள் பலவற்றைப் பாஸ்டனிலுள்ள காங்கிரிகேஷனல் நூலகம் படமெடுத்து இணையத்தில் ஏற்றியிருக்கிறது. திறந்ததும் பெயரைத் தேட இறங்குவதுதான் எல்லோர் கையும் செய்யும் வேலை. அதற்கு முன் தேதி பிடிபட வேண்டும்.

அன்று ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஜனவரி, மார்ச் போன்ற பெயர்களில் ரோமானியத் தெய்வங்கள் இருந்ததால் பியூரிட்டன்கள் பலர் மாதத்தை எண்ணால் எழுதினார்கள். மார்ச் முதல் மாதம், பிப்ரவரி பன்னிரண்டாவது. "12ஆம் மாதம் 1638" என்றால் நம் கணக்கில் 1639 பிப்ரவரி. தலைவலி மார்ச் 1 முதல் 24 வரைதான். எழுதியவர் எந்த ஆண்டைப் போட்டார் என்பதை முன்பின் பதிவுகளை வைத்தே முடிவு செய்ய முடியும். 1691/2 என்று இரட்டையாக இருந்தால் தப்பித்தோம், அது 1692.

வாசித்தது சரியா என்று பார்க்கக் கிழமை உதவும். ஞானஸ்நானம் பெரும்பாலும் ஞாயிறு கூட்டத்தில்தான் நடந்தது. ஆனால் அன்று அங்கே வழக்கில் இருந்த ஜூலியன் நாட்காட்டியில் கணக்கிட வேண்டும். சூனியக்காரியைக் கண்டுபிடிக்க ரொட்டி சுடச் சொன்ன மேரி சிப்லியை சேலம் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸ் சபைமுன் கண்டித்தது 1692 மார்ச் 27, ஞாயிறு. இன்றைய நாட்காட்டியைப் பின்னோக்கி ஓட்டினால் வியாழன் என்று வரும்.

பெரிய சறுக்கல் இனிமேல்தான். இது பிறப்புப் பதிவேடு அல்ல. பெற்றோரில் ஒருவராவது சபை உறுப்பினராக இருந்தால்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம். உறுப்பினராவதற்கோ, தம் உள்ளத்தில் கிருபை வேலை செய்த விதத்தைச் சாட்சியாகச் சொல்லிச் சபையின் சம்மதம் பெற வேண்டும். தாய் தாமதமாகச் சேர்ந்திருந்தால் மூன்று நான்கு பிள்ளைகள் ஒரே தேதியில் வரிசையாக நிற்பார்கள். அதைப் பிறந்தநாளாக வம்சாவளியில் ஏற்றிவிடக் கூடாது. பிள்ளையின் பெயரே இல்லையென்றால் பெற்றோர் உறுப்பினராகாமல் இருந்திருக்கலாம்.

சபைகளின் பிரதிநிதிகள் கூடிய 1662 மாமன்றத்துக்குப் பிறகு பல சபைகள் இதைத் தளர்த்தின. தாம் ஞானஸ்நானம் பெற்றிருந்தும் சாட்சி சொல்லாதவர்கள், சபையின் உடன்படிக்கையை ஏற்றுப் பிள்ளைகளை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரலாம். ஆகவே "உடன்படிக்கையை ஏற்றார்" என்ற வரியைப் பார்த்ததும் முழு உறுப்பினர் என்று குறித்துக்கொள்ள வேண்டாம். திருவிருந்தில் அவருக்குப் பங்கில்லை.

1692க்கு முந்தைய திருமணத்தை இங்கே தேடுவது பெரும்பாலும் வீண். அதை நடத்திவைத்தவர் போதகர் அல்ல, நீதிபதி. நகரப் பதிவேட்டில் பாருங்கள்.

ஒருவரை நீக்கிய பதிவு கிடைத்தால் அந்தப் பக்கத்தோடு நிறுத்தாமல் மேலும் புரட்டுங்கள். சூனியக்காரி என்று தீர்ப்பளிக்கப்பட்ட ரெபெக்கா நர்ஸை சேலம் நகரச் சபை நீக்கியது 1692 ஜூலை 3இல். அந்த நீக்கத்தை ரத்து செய்தது 1712இல்.