முட்டை வெள்ளையில் அம்மாவின் படம்

நாலாவது தாளில்தான் படம் நின்றது. மூன்று வாரமாக ஆல்புமென் முறையில், அதாவது முட்டை வெள்ளை பூசிய தாளில், அட்டையில் ஒட்டும் சிறு ஒளிப்படம் செய்து பார்க்கிறேன். 1854-இல் பாரிஸில் டிஸ்டேரி என்ற ஒளிப்படக்காரர் காப்புரிமை வாங்கிய, உள்ளங்கையில் அடங்கும் அளவு அது.

இதில் என்னை இறக்கிவிட்டவர் ஆன் லீக் தாம்ப்சன். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கைகள் இல்லாமல் பிறந்து, காட்சி மேடைகளில் வாழ்ந்தவர். பார்க்க வந்தவர்களிடம் தன் படத்தை விற்பார். அட்டையின் பின்புறம் கால்விரல்களால் எழுதியும் கொடுப்பார். நியூயார்க் பவரி தெருவில் ஐசன்மன் என்ற ஒளிப்படக்காரர் எடுத்த ஒரு படத்தில் கணவரும் மகனும் உடன் இருக்கிறார்கள். முகத்தில் கெஞ்சல் துளியும் இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த முகம்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.

வேலைக்கு வருகிறேன். முட்டை வெள்ளையில் உப்புச் சேர்த்து நுரைக்க அடித்து, ஓரிரவு வைத்து, துணியில் வடிகட்டினேன். மெல்லிய தாளை அதில் மிதக்கவிட்டு உலர்த்தி, பிறகு வெளிச்சம் பட்டால் கறுக்கும்படி வெள்ளி நைட்ரேட் ஏற்றினேன். நெகட்டிவோடு சேர்த்து இறுக்கி மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். முதல் மூன்றும், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ கரைசலில் வெளுத்துப் போயின. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்ததும் எடுத்தது தப்பு. கறுத்துப்போச்சே என்று பதறும் அளவுக்கு விட வேண்டும். உலர்ந்த தாள் சுருண்டுகொண்டது. கஞ்சிப் பசையில் அட்டையோடு ஒட்டியதும் அடங்கியது.

படத்துக்கு உட்கார்ந்தது அம்மா. அந்தக் காலத்து ஸ்டூடியோ மாதிரி ஆறு விநாடி அசையாமல் இருக்கச் சொன்னேன். முப்பது வருஷம் தைத்தவர் என்பதால் தையல் மெஷினைப் பக்கத்தில் போட்டிருந்தேன்.

"அதை எடுத்துருடா. நான் தைக்கிறதத்தான் ஊரே பாத்திருக்கே," என்றார். கண்ணாடியை மாட்டி, கணக்கு நோட்டை மடியில் வைத்து, பேரனைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

ஆன் லீக்கும் இப்படித்தான் மகனைப் பக்கத்தில் அழைத்திருப்பார் என்று தோன்றியது. மேடையில் யார் யாரோ என்னென்னவோ சொல்லி அவரைக் காட்டியிருக்கலாம். அட்டையின் பின்பக்கம் அவருடையது.

பேரன் அசைந்ததில் அவன் முகம் மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறது. திரும்ப எடுக்கலாமா என்றேன். வேண்டாம் என்று அட்டையை வாங்கித் திருப்பி, பின்னால் தன் பெயரையும் அவன் பெயரையும் எழுதினார் அம்மா.