534 கிராம்

ஏப்ரல் 2, 2025, புதன். கொழிஞ்சாம்பாறை.

மாலை ஆறரை மணிக்குத் தொடங்கிய, வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் ஒளிபரப்பை, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நானும் தம்பியும் முழுவதும் பார்த்தோம். காணும் பொங்கலன்று, அதாவது ஜனவரி 16-ஆம் தேதி, உருவத்தை மட்டும் காட்டி நிறுத்திக்கொண்டவர்கள் இன்று ஸ்விட்ச் 2 என்ற புதிய கையடக்க விளையாட்டுக் கருவியின் விவரங்களைச் சொல்லிவிட்டார்கள். 7.9 அங்குலத் திரை, 256 ஜிபி நினைவகம், ஜூன் 5-இல் வெளியீடு. 2017-இல் வந்த பழையதில் திரை 6.2 அங்குலம், நினைவகம் 32 ஜிபிதான்.

எனக்கு அவையெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை. பழையதில் ஜாய்-கானை, அதாவது திரையின் இருபுறமும் மாட்டும் பொத்தான் பிடியை, மேலிருந்து கீழே சறுக்கிப் பொருத்த வேண்டும். மார்கழியிலிருந்து அதைத் தம்பிக்கு நான்தான் பொருத்தித் தருகிறேன். புதியதில் பக்கத்தில் கொண்டுபோனாலே காந்தம் இழுத்துக்கொள்கிறது, கழற்றுவதற்குப் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்தப் பொத்தானுக்கு எவ்வளவு விரல்பலம் வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு ஜாய்-கான்களையும் மவுஸைப் போலக் கவிழ்த்துத் தள்ளி ஆடும் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து விளையாட்டு ஒன்றையும் காட்டினார்கள். தம்பி ஒன்றும் பேசாமல் அந்த இடத்தை மட்டும் மூன்று முறை பின்னுக்கு இழுத்துப் பார்த்தான்.

ஏப்ரல் 3

ஜாய்-கான்களோடு சேர்த்துப் புதிய கருவியின் எடை ஏறத்தாழ 534 கிராம் என்று படித்தேன். பழையது 400-க்கும் சற்றுக் குறைவு. காலையில் கூட்டம் குறைந்ததும் கடைத் தராசில் 534 கிராம் துவரம்பருப்பை நிறுத்து, நீளவாக்கில் தட்டையாகப் பொட்டலம் கட்டி, அவன் இரண்டு கைகளிலும் கொடுத்தேன். "கனமாத்தான் இருக்குக்கா, ஆனா பிடிச்சுக்கறேன்" என்றான். நான்காவது நிமிடத்தில் வலது மணிக்கட்டு நடுங்கத் தொடங்கியது. ஐந்தாவது நிமிடத்தில் பொட்டலத்தை மடியில் இறக்கி வைத்துவிட்டு, மேசைமேல் சாய்த்து வைத்து ஆடுவதற்குப் பின்னால் ஒரு தாங்கி இருக்கிறதல்லவா என்று கேட்டான். இருக்கிறது, பழையதைவிட அகலமானது, வேண்டிய கோணத்தில் நிற்கும்.

ஏப்ரல் 5

அமெரிக்காவில் 9-ஆம் தேதி தொடங்கவிருந்த முன்பதிவை, புதிய இறக்குமதி வரியின் காரணமாகத் தள்ளிவைத்துவிட்டார்களாம். அங்கே விலை 449.99 டாலர், நம் கணக்கில் சுமார் 38,000 ரூபாய். இந்தியாவில் நிண்டெண்டோ நேரடியாக விற்பதில்லை என்பதால், வரவழைத்து விற்பவர்கள் கேட்கும் தொகை இதற்கும் மேலேதான் இருக்கும். மரியோ கார்ட் வேர்ல்டைத் தனியாக வாங்கினால் 79.99 டாலர். புதிய கருவியின் வசதிகளை விளக்கிக்காட்டும் 'வெல்கம் டூர்' என்ற விளையாட்டுக்குக்கூடக் காசு கேட்பது நியாயமே இல்லை. அதைப் பெட்டியோடு சேர்த்துத் தந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 6

இன்று ஏழு நிமிடம்.

ஏப்ரல் 8

கோவை. வேலந்தாவளம் வழியாகப் போகும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. மருத்துவமனையில் மூன்றரை மணி நேரம் காத்திருந்தோம். புதியதன் மின்கலம் விளையாட்டைப் பொறுத்து இரண்டு மணியிலிருந்து ஆறரை மணி நேரம் வரை தாங்கும் என்கிறார்கள். இரண்டு மணி என்றால் எங்கள் முறை வருவதற்குள் அணைந்துவிடும். மருத்துவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

பொத்தானைப் பற்றி இன்னும் எங்கும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 14, விஷு

கணி கண்டதும் பெரியப்பா தந்த கைநீட்டக் காசைத் தம்பி அப்படியே ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டான். மதியம் பாயசத்துக்குப் பிறகு, தொடைமேல் அரிசி புடைக்கும் முறத்தைக் கவிழ்த்து வைத்து, பழைய ஜாய்-கான்கள் இரண்டையும் அதன்மேல் படுக்கவைத்து முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தான். இடது கை சீராகப் போனது. வலது கை பாதியில் நின்று, பிறகு மீண்டும் போனது. அடுக்களைக் கதவருகே நின்று பார்த்தேன், கூப்பிடவில்லை.

ஏப்ரல் 15

நாளை மறுபடியும் கோவை. பருப்புப் பொட்டலத்தையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.