தாளில் டிக் இருந்தது, வண்டியில் போல்ட் இல்லை

2003 செப்டம்பர் 6, சனிக்கிழமை. கலிஃபோர்னியா சன்னிவேலில் உள்ள லாக்ஹீட் மார்ட்டின் கூடத்தில், நோவா-என் பிரைம் என்ற வானிலைச் செயற்கைக்கோளை, திருப்புவதற்கென்றே உள்ள ஒரு வண்டியில் வைத்து, நிமிர்ந்த நிலையிலிருந்து படுக்கைவாட்டில் திருப்பிக்கொண்டிருந்தார்கள். சுமார் 13 டிகிரிதான் சாய்ந்தது, வண்டியிலிருந்து வழுக்கி மூன்றடி கீழே தரையில் விழுந்துவிட்டது. காரணம், அதைத் தாங்கும் தட்டை வண்டியோடு பிணைக்கும் 24 போல்ட்டுகளும் இல்லை. அதே வண்டியை எடுத்த இன்னொரு திட்டத்துக்காரர்கள் கழற்றியிருந்தார்கள், எங்கும் எழுதிவைக்கவில்லை.

24 ஓட்டைகள் காலியாக இருந்தால் கண்ணில் படாதா? ஒருவர் கண்ணில் பட்டது, சொல்லவும் செய்தார்; மற்றவர்கள் பொருட்படுத்தவில்லை. நாசாவின் விசாரணை அறிக்கை சொல்வது இதுதான்: பொறுப்புப் பொறியாளர் வண்டியை நேரில் பார்க்காமல் முந்தைய வேலையின் தாள்களைப் பார்த்தே திருப்திப்பட்டுக்கொண்டார்; தலைமை டெக்னீஷியனும் தர ஆய்வாளரும் சோதனையைக் கண்ணால் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அங்கே அது அன்றாட வழக்கமாகவே ஆகிவிட்டிருந்ததாம்.

மனிதப் பிழையை முன்கூட்டியே கணக்கிடும் முறைகள் அப்போதே இருந்தன. அணு உலைகளுக்காக 1983-இல் வெளியான தெர்ப் என்ற கையேட்டில் எனக்குப் பிடித்த விஷயம், ஒருவரின் பிழை அடுத்தவரின் பிழையை எவ்வளவு இழுத்துவரும் என்பதையும் அது எண்ணாக்கியதுதான். ஒருவர் பிழையைத் தவறவிட 10-இல் 1 வாய்ப்பு என்றால், இரண்டு பேரும் சேர்ந்து தவறவிட 100-இல் 1 என்று நாம் சட்டென்று பெருக்கிவிடுவோம். ஆனால் இரண்டாமவர் முதலாமவரைப் பெரிதும் நம்பியிருந்தால், முதலாமவர் கோட்டைவிட்ட இடத்தில் இவரும் கோட்டைவிடும் வாய்ப்பு 0.1 அல்ல, 0.55. முழுக்க நம்பிவிட்டால் 1. அப்போது இரண்டாவது கையெழுத்து வெறும் மை.

இதைக் கிண்டலாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு பட்டறையில் தரப் பரிசோதனையில் இருந்தபோது, ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், போல்ட் முறுக்கின் அளவை நானே எடுக்காமல் எனக்கு முன்னால் பார்த்த அண்ணன் எழுதிய எண்களையே பக்கத்துக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் ரொம்பக் கவனமான ஆள், அதனால்தான். நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் மறுநாளும் அப்படியே செய்தேன்.

அந்தச் செயற்கைக்கோளைச் சுமார் 13.5 கோடி டாலர் செலவில் மறுபடி கட்டி, 2009 பிப்ரவரி 6 அன்று வாண்டன்பர்க்கிலிருந்து ஏவினார்கள். மேலே போனபின் அதற்கு நோவா-19 என்று பெயர்.